தொடுதிரையில் விரலின் அழுத்தத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரணத் தொடுதிரைக்கு விரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது. இங்கே 7 அங்குல எச்டிஎம்ஐ தொடுதிரை ஒன்றை எடுத்து, அதன் அடியில் நான்கு விசை சென்சார்களை வைத்து, மெல்லத் தொடுவதையும் அழுத்தித் தொடுவதையும் பிரித்துப் பார்க்க வைக்கப்போகிறோம்.

இதை நான் மூன்று முறை கட்டியிருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் ஏழெட்டுக் குழுவாகக் கட்டும்போது பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பொருள் கைக்கு வந்த அன்றே நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இதில் முக்கால் பங்கு தச்சு வேலை. விரல் கொடுக்கும் விசை சென்சார் வழியாக மட்டுமே கீழே இறங்க வேண்டும். ஒரு கேபிள், ஒரு திருகு, ஒரு டேப் துண்டு அதில் பங்கு கேட்டாலும் கணக்கு கெட்டுவிடும், பிறகு எந்த நிரலாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நிதானமாகச் செய்தால் இரண்டு சனி, ஞாயிறு போதும்.

1. உங்கள் திரை ஏற்கெனவே என்ன சொல்கிறது என்று பாருங்கள்

"என் போனிலேயே பிரஷர் வருகிறதே" என்று பலர் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு தொடுதலுக்கும் அழுத்தம் என்று ஓர் எண் தருவது உண்மைதான். பல போன்களில் அது விரல் திரையில் பதியும் பரப்பிலிருந்து ஊகித்த எண். பிரவுசரில் பார்த்தால், அழுத்தம் அளக்கத் தெரியாத கருவிகள் தொடும்போதெல்லாம் 0.5 என்றே காட்டும், அதுதான் அங்கே விதி.

சோதிக்க எளிய வழி உண்டு. விரலின் சதைப்பகுதியைத் தட்டையாக, பாரமே கொடுக்காமல் திரையில் படர விடுங்கள். அப்புறம் விரல் நுனியைச் செங்குத்தாக வைத்து நன்றாக அழுத்துங்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் வந்தால், அந்தத் திரை பரப்பைத்தான் அளக்கிறது.

உண்மையிலேயே விசையை அளந்த போன்கள் சில இருந்தன. ஐஃபோன் 6எஸ் முதல் எக்ஸ்எஸ் வரை (எக்ஸ்ஆர், எஸ்இ நீங்கலாக) கண்ணாடி அழுத்தத்தில் மிக நுண்ணிய அளவு வளைவதை, திரைக்குப் பின்னால் இருந்த கெப்பாசிட்டிவ் சென்சார்கள் கண்டுபிடித்தன. அந்த அளவு நுணுக்கம் வீட்டு மேசையில் ஆகாது. நாம் கண்ணாடி வளைவதை அளக்கப் போவதில்லை. திரை முழுவதையும் ஒரு தராசுத் தட்டு போல மிதக்கவிட்டு, நான்கு மூலையிலும் எடை பார்க்கப்போகிறோம்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

எஃப்எஸ்ஆர் 402 வகை சென்சார் ஐந்து வாங்குங்கள். நான்கு போதும், ஆனால் ஒன்று வீணாகும். அழுத்த அழுத்த மின்தடை குறையும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம் இது. வாங்கும்போது அதன் வாலுக்குப் (வட்டத்திலிருந்து நீளும் மெல்லிய பட்டை) பொருந்தும் கிளிஞ்சர் கனெக்டர் (அழுத்திக் கவ்வவைக்கும் இணைப்பான்) அல்லது முனை பொருத்தி வந்ததா என்று பாருங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கேட்டு வாங்கலாம், ஆனால் ஐந்தும் ஒரே கடையில், ஒரே மாடலாக இருக்கட்டும். ஒரே மாடலிலேயே ஒன்றுக்கொன்று ஆறு சதவீதம் வரை மாறலாம் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. வேறு வேறு தயாரிப்பைக் கலந்தால் இன்னும் மோசம்.

ஆர்டுயினோ ஊனோ ஒன்று (சென்சாரைப் படித்து லேப்டாப்புக்கு எண்ணாக அனுப்பும் சிறிய மின்னணுப் பலகை). 10 கிலோஓம் ரெசிஸ்டர் நான்கு. பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் ஒயரைச் செருகி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர்.

அடிப்பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். திரையைத் தாங்கும் தட்டுக்கு 5 மில்லிமீட்டர் அக்ரிலிக், அல்லது 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். நடுவில் அழுத்தினால் தொய்ந்து போகும்.

தட்டையான சிலிக்கோன் ரப்பர் துண்டுகள், 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன். லேப்டாப் அடியில் ஒட்டும் குவிந்த பம்பர் ஆகாது. ஏன் என்பது ஐந்தாம் படியில் வருகிறது.

மெல்லிய ரிப்பன் வகை எச்டிஎம்ஐ கேபிள். கடையில் தரும் தடித்த கேபிளை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. இதை வாங்கிய கையோடு ஆள்காட்டி விரலால் அதன் தட்டை அழுத்திப் பாருங்கள். போனில் ஒரு செயலியைத் திறப்பது போலத் தட்டினால் எவ்வளவு, "நன்றாக அழுத்து" என்றால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கைக்குத் தட்டல் 40 முதல் 90 கிராம், அழுத்தல் 250க்கு மேல். என் அம்மாவுக்குச் சாதாரணத் தட்டலே 180. பட்டன் போன் காலத்துப் பழக்கம். இந்த எண்கள் எட்டாம் படியில் தேவைப்படும், தாளை எங்காவது தொலைத்துவிடாதீர்கள்.

3. ஒவ்வொரு சென்சாரையும் தனியாகச் சோதியுங்கள்

திரையைத் தொடுமுன் சென்சார்கள் மட்டும் மேசைமேல். பிறகு எல்லாம் ஒன்றாகக் கூடிய பின் பிழை வந்தால், அது சென்சாரா பலகையா என்று பிரிக்க முடியாது.

இணைப்பு எளிது. சென்சாரின் ஒரு கால் 5 வோல்ட்டுக்கு. மறு கால் ஊனோவின் ஏ0 என்ற அனலாக் (மின்னழுத்தத்தை அளக்கும்) முனைக்கு. அதே ஏ0விலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. மற்ற மூன்றும் இதே போல ஏ1, ஏ2, ஏ3. அழுத்தாதபோது சென்சாரின் மின்தடை 10 மெகாஓமுக்கும் மேலே இருக்கும், அதனால் ஆர்டுயினோ படிக்கும் எண் 0 ஆக வர வேண்டும். விரலால் அழுத்தினால் எண் ஏற வேண்டும். எடுத்ததும் 0க்குத் திரும்ப வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, வாலில் நேரடியாகச் சாலிடர் வைப்பது. அது பிளாஸ்டிக் தாள். ஒரு குழுவினர் சாயந்திரம் ஆறு மணிக்குச் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கி, ஏழு மணிக்குள் நான்கையும் உருக்கிவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் நெடியை வைத்தே விஷயம் புரிந்துவிட்டது. கிளிஞ்சரை அழுத்திப் பொருத்துங்கள். சாலிடர் கட்டாயம் என்றால், ஒயரை முதலில் கனெக்டரில் சாலிடர் செய்து, ஆறிய பிறகு வாலில் மாட்டுங்கள்.

இரண்டாவது, உணர்திறன் கூடட்டும் என்று 10 கிலோஓமுக்குப் பதில் 100 கிலோஓம் போடுவது. எண் ஏறும், உண்மை. ஆனால் ஊனோவில் அனலாக் முனைகள் ஆறு இருந்தாலும் உள்ளே அளக்கும் கருவி ஒன்றுதான், அது முனை விட்டு முனை தாவுகிறது. அதற்கு 10 கிலோஓம் அல்லது அதற்குக் குறைவான மூலத்தடைதான் (முனையில் மாட்டிய சுற்றின் மின்தடை) ஒத்துவரும். கூடினால், ஏ0வின் மிச்ச மின்னூட்டம் ஏ1இல் தெரியும். ஒரு மூலையை அழுத்தினால் பக்கத்து மூலையும் பேய் பிடித்த மாதிரி ஆடும். 10 கிலோஓமிலேயே இருங்கள். கூடுதல் பாதுகாப்புக்கு ஒவ்வொரு முனையையும் இரண்டு முறை படித்து, முதல் எண்ணைத் தூக்கிப்போடுங்கள். ஒரு முறை படிக்க ஏறக்குறைய 100 மைக்ரோசெகண்ட்தான், நஷ்டம் இல்லை.

4. எண்ணை விசையாக மாற்றுங்கள்

ஆர்டுயினோ தருவது 0 முதல் 1023 வரை ஓர் எண். அது விசை அல்ல. 400 என்றால் 200ஐவிட இரண்டு மடங்கு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு நேரே கிராமுக்கு மாற்றுகிறார்கள். அதனால் மெல்லிய தொடுதல் பெரிதாகவும், பலத்த அழுத்தம் எல்லாம் ஒன்று போலவும் தெரிகிறது.

இந்த வகை சென்சாரில் விசை கூடும்போது ஏறக்குறைய நேர்கோட்டில் கூடுவது மின்கடத்தல், அதாவது மின்தடையின் தலைகீழ். அதைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும்:

கடத்தல் விகிதம் = எண் ÷ (1023 − எண்)

எண் 200இலிருந்து 300க்கு ஏறும்போது இந்த விகிதம் 0.24இலிருந்து 0.41 ஆகிறது. 800இலிருந்து 900க்கு ஏறும்போது 3.59இலிருந்து 7.32 ஆகிறது. அதே நூறு படிதான், ஆனால் விசையின் மாற்றம் இருபது மடங்குக்கும் மேல். நேரடி மாற்றம் ஏன் ஏமாற்றுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். எண் 1023 ஆகவே இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரிடும், அதற்கு ஒரு தடுப்பு போடுங்கள். சாதாரண உபயோகத்தில் 900ஐத் தாண்டுகிறது என்றால் நான்கு ரெசிஸ்டரையும் 4.7 கிலோஓமாக மாற்றிவிடுங்கள். உச்சிக்கு அருகில் ஒரு படி தவறினாலும் விசை வெகுவாக மாறும்.

அடுத்து ஒவ்வொரு சென்சாருக்கும் அதன் பெருக்கு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்சாரின் நடுவில் சிலிக்கோன் துண்டு, அதன்மேல் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றி 50, 100, 200, 400 கிராம் என்று ஏற்றுங்கள். கிண்ணத்தின் எடையையும் தராசில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு பத்து ரூபாய் நாணயம் பத்து எடுத்தால் ஏறக்குறைய 77 கிராம். என் மேசையில் ஒரு செல்லோடேப் சுற்றிய நாணயக் கட்டு இதற்காகவே கிடக்கிறது.

ஒவ்வொரு எடையும் வைத்த பிறகு சரியாகப் பத்து விநாடி பொறுத்துப் படியுங்கள். இந்தச் சென்சார் நிலையான எடையிலும் மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறும். ஒன்றை உடனேயும் ஒன்றை ஒரு நிமிடம் கழித்தும் படித்தால் ஒப்பிடுவதற்கு இல்லை. அதோடு எடையை ஏற்றிக்கொண்டே போங்கள், நடுவில் குறைத்துவிட்டுப் படிக்காதீர்கள். இறங்கும்போது அதே எடைக்கு வேறு எண் காட்டுவது இதன் குணம்.

கிராமை விகிதத்தால் வகுத்தால் பெருக்கு எண். நான்கு எடைக்கும் வந்ததைச் சராசரி எடுத்து, சென்சாரின் வாலில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். 50 கிராமில் மட்டும் எண் தனியாக விலகி நின்றால் அதை விட்டுவிடலாம். மிகக் குறைந்த விசையில் இது நேர்கோட்டில் நடக்காது, 20 கிராம் அளவுக்குக் கீழே விழித்துக்கொள்ளவே செய்யாது.

5. தச்சு வேலை

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அடுக்கு இப்படி: கீழே பிளைவுட். அதன் நான்கு மூலையிலும் சென்சார். ஒவ்வொரு சென்சாரின் நடுவிலும் சிலிக்கோன் துண்டு. அந்த நான்கு துண்டுகளின்மேல் தாங்குதட்டு. தாங்குதட்டின்மேல், பித்தளை ஸ்டேண்ட்ஆஃப் (இடைவெளி விடும் சிறு தூண்) வைத்துத் திருகிய தொடுதிரை.

நான்கு கால் எதற்கு, முக்காலி என்றால் ஆடாதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். மூன்று சென்சார் எந்தத் தரையிலும் சமமாக உட்காரும். ஆனால் திரை நீள்சதுரம். மூன்று கால்கள் அமைக்கும் முக்கோணத்துக்கு வெளியே இரண்டு மூலைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே அழுத்தினால் தட்டு கவிழும். அதனால் நான்கு. நான்கு வைத்தால் ஒரு கால் தூக்கிக்கொள்ளும் தொல்லை வரும், அதைச் சிலிக்கோனின் மென்மை ஓரளவு வாங்கிக்கொள்ளும். மீதியை மெல்லிய தாள் அடுக்கித் தீர்க்கலாம்.

சென்சாரை ஒட்டுவது: பிளைவுட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். வட்டத்துக்கு அடியில் டேப்பின் விளிம்போ காற்றுக் குமிழோ மணல் துகளோ இருக்கக் கூடாது. ஒரு துகள் இருந்தாலே அது நிரந்தரமாக அழுத்திக்கொண்டிருக்கும். வாலைக் கூர்மையாக மடக்காதீர்கள். வால் வழியாக உள்ளே காற்று போய்வர நுண்ணிய வழி உண்டு, அதைப் பசையால் அடைத்தால் அழுத்தி விட்ட பிறகு சென்சார் திரும்பி எழுந்திருக்க நேரம் எடுக்கும்.

சிலிக்கோன் துண்டு வட்டத்தைவிடச் சிறிதாக, நடுவில் இருக்க வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் உள்ள கனத்த வளையத்தின்மேல் ஏறினால் விசையின் ஒரு பங்கு அந்த வளையம் வழியாக இறங்கிவிடும். குவிந்த பம்பர் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வேறு. அது அழுத்த அழுத்த நசுங்கித் தொடும் பரப்பைக் கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் நான்காம் படியில் கண்டுபிடித்த பெருக்கு எண் ஒவ்வொரு விசைக்கும் மாறும். தட்டையான துண்டில் பரப்பு மாறாது.

துண்டைச் சென்சாரில் மட்டும் ஒட்டுங்கள், தட்டில் ஒட்டாதீர்கள். விரல் திரையில் வழுக்கி இழுக்கும்போது தட்டு பக்கவாட்டில் நகரும். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் அந்த இழுவை சென்சாரின் அடுக்குகளை உரிக்கப் பார்க்கும். அதே சமயம் தட்டு ஓடிப்போகாமல் இருக்க, அதன் நான்கு பக்கமும் சிறு மரத்துண்டு நிறுத்தி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தடுக்க வேண்டும், பிடிக்கக் கூடாது.

அழகுக்காக மேலே ஒரு சட்டம் போட்டு நான்கு திருகையும் இறுக்குகிறார்கள். அதோடு எல்லாம் முடிந்தது. சட்டம் தட்டை அழுத்துகிறது, சென்சார்கள் எப்போதும் உச்சத்தில் நிற்கின்றன. சட்டம் வேண்டுமென்றால் அது அடிப்பலகையில் நிற்கட்டும், திரையைத் தொடாமல் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் விடுங்கள்.

இனி கேபிள். எனக்கு இரண்டு மாலைகள் போனது இதில்தான். வலது மேல் மூலை மட்டும் காரணமே இல்லாமல் 40 கிராம் குறைத்துக் காட்டியது. சென்சாரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன், முனையை மாற்றினேன். கடைசியில் மேசையைத் துடைக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளில் கை பட்டது, எண் துள்ளியது. அந்தத் தடித்த கேபிள் ஒரு நெம்புகோல் மாதிரி திரையின் மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ரிப்பன் கேபிளுக்கு மாற்றி, திரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே தளர்வாக ஒரு வளையம் விட்டு, அடிப்பலகையில் கட்டினேன். யுஎஸ்பி ஒயருக்கும் அதே வைத்தியம்.

திரையின் சொந்த எடை நமக்கு உதவி செய்கிறது. திரையும் தட்டும் சேர்ந்து 400 கிராம் என்றால் ஒவ்வொரு சென்சாரிலும் ஏறக்குறைய 100 கிராம் எப்போதும் உட்கார்ந்திருக்கும். 20 கிராமுக்குக் கீழே தூங்கும் பகுதியைத் தாண்டியே நாம் தொடங்குகிறோம், அதனால் மிக மெல்லிய தொடுதலும் தெரியும். சுவரில் செங்குத்தாக மாட்டினால் இந்த உதவி இருக்காது. அப்போது தட்டின் மறுபக்கம் மென்மையான ஃபோம் வைத்து லேசாக அழுத்தம் கொடுக்க வேண்டும்.

6. ஒன்பது இடச் சோதனை

திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிரலில் நான்கு மூலை விசைகளையும் கூட்டி, வெற்றுத் திரையின் கூட்டுத்தொகையைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். 200 கிராம் எடை ஒன்றை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து, பத்து விநாடி பொறுத்து, எண்ணைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் எடையை எடுத்துவிட்டு வெற்றுத் திரையை மறுபடி பாருங்கள்.

எடையை எங்கே வைத்தாலும் கூட்டுத்தொகை மாறக் கூடாது. நடைமுறையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதற்குமேல் இந்தச் சென்சாரிடம் எதிர்பார்ப்பது பேராசை.

நடுக்கட்டம் மட்டும் குறைந்தால் தட்டு தொய்ந்து அடியில் எதிலோ முட்டுகிறது. ஒரு மூலை குறைந்தால் அந்தத் துண்டின் உயரம் குறைவு, சென்சாருக்கு அடியில் ஒரு தாள் சேருங்கள். ஒரு ஓரம் முழுவதும் குறைந்தால் சட்டமோ கேபிளோ பக்கத்துத் தடுப்புத் துண்டோ உரசுகிறது. தாளை உரசும் இடத்தில் விட்டு இழுத்துப் பாருங்கள், சிக்கிக்கொள்ளும் இடம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சும் வித்தியாசத்துக்கு மட்டும் நிரலில் திருத்தம் போடலாம். தொட்ட இடம் தொடுதிரையே சொல்லிவிடும், அந்தக் கட்டத்துக்குரிய திருத்த எண்ணால் பெருக்கினால் முடிந்தது. பலகையைச் சரிசெய்யாமல் இந்தத் திருத்தத்தை வைத்து மூடுபவர்கள் மறுவாரம் அதே மேசைக்குத் திரும்பி வருகிறார்கள். உரசல் ஒரு நாள் போல மறுநாள் இருப்பதில்லை.

7. பூஜ்யத்தைத் தொடாதபோது மட்டும் நகர்த்துங்கள்

சென்சார் ஊர்ந்துகொண்டே இருக்கும் என்று பார்த்தோம். அதனால் காலையில் எடுத்த வெற்று எண் மதியம் செல்லாது. அந்த வெற்று எண்தான் நம் பூஜ்யம், அதைத் தொடர்ந்து மெல்ல நகர்த்த வேண்டும். ஆனால் விரல் திரையில் இருக்கும்போதும் நகர்த்தினால், அழுத்திப் பிடித்திருக்கும் விசையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் எண் எதிர்ப்பக்கம் பாயும்.

நம்மிடம் தொடுதிரை இருப்பது இங்கே வரப்பிரசாதம். விரல் இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்கிறது. விரல் இல்லை என்றால் பூஜ்யத்தை ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தின் நூறில் ஒரு பங்கு நகர்த்துங்கள். விரல் வந்துவிட்டால் உறையவைத்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம். தொடுதல் செய்தியும் விசை எண்ணும் வேறு வேறு ஒயரில் லேப்டாப்புக்கு வருகின்றன, ஒரே நேரத்தில் வந்து சேரும் என்று நம்ப முடியாது. தொடுதல் செய்தி வரும் நேரத்தில் விசை ஏறத் தொடங்கியிருக்கலாம். அதனால் கடந்த 100 மில்லிசெகண்ட் பூஜ்ய மதிப்புகளை வைத்துக்கொண்டு, தொடுதல் வந்ததும் பழைய மதிப்புக்குப் போய் உறையுங்கள்.

இதற்காகவே ஆர்டுயினோவில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பேன். அது நான்கு எண்ணை 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அனுப்பட்டும். கணக்கெல்லாம் லேப்டாப்பில் பைத்தானில். சீரியல் வேகத்தை (ஊனோ லேப்டாப்புக்கு விநாடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறது என்பதை) 115200 வையுங்கள். பழக்கத்தில் 9600 என்று விட்டால், நான்கு எண் அடங்கிய 25 எழுத்து வரி ஒன்று போய்ச்சேரவே 26 மில்லிசெகண்ட் ஆகும். வரிகள் தேங்கி, அழுத்தி அரை விநாடி கழித்துத் திரை விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று: சீரியல் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ தானாக ரீசெட் ஆகும். முதல் இரண்டு விநாடி எண்களை ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் திரையில் கை வைக்காதீர்கள்.

8. அழுத்தல் என்று எப்போது சொல்வது

இரண்டாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். உங்கள் தட்டலுக்கும் அழுத்தலுக்கும் நடுவே எல்லை வர வேண்டும். எனக்கு 200 கிராம்.

ஒரே ஓர் எல்லை வைக்காதீர்கள். விரல் 200க்குப் பக்கத்தில் நடுங்கும்போது அழுத்தல், விடுதல், அழுத்தல், விடுதல் என்று விநாடிக்கு ஐந்தாறு முறை அடித்துக்கொள்ளும். 200ஐத் தாண்டினால் அழுத்தல் தொடக்கம், 130க்குக் கீழே இறங்கினால்தான் முடிவு. நடுவில் இருக்கும் 70 கிராம் நடுக்கத்தை விழுங்கிவிடும்.

இதற்கு முன்பு எண்களைக் கொஞ்சம் மட்டமாக்க வேண்டும். புது மதிப்பில் 30 சதவீதம், பழைய மதிப்பில் 70 சதவீதம் என்று கலந்தால் போதும். 5 சதவீதம், 95 சதவீதம் என்று கலந்தால் வரைபடம் பட்டுப்போல வரும், ஆனால் கைக்குத் திரை தூங்குவது போல இருக்கும். சீரியல் பிளாட்டரில் (எண்களை வரைபடமாகக் காட்டும் ஆர்டுயினோ மென்பொருளின் சாளரம்) அழகாகத் தெரிய வேண்டும் என்று நிரலை மெருகேற்றாதீர்கள், விரலால் தொட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கே ஓர் இலவச லாபம் இருக்கிறது. வலப்பக்க இரண்டு சென்சாரின் விசையை மொத்தத்தால் வகுத்து, சென்சார்களுக்கு இடையேயான தூரத்தால் பெருக்கினால் இடமிருந்து வலமாக விசை விழும் இடம் வரும் (பூஜ்யத்தைக் கழித்த பிறகு). அது தொடுதிரை சொல்லும் இடத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் விரலோடு சேர்ந்து வேறு ஏதோ அழுத்துகிறது, பெரும்பாலும் ஓரத்தில் ஊன்றிய உள்ளங்கை. அந்த அழுத்தலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு விரல் வைத்தால் மொத்த விசைதான் தெரியும், எது எவ்வளவு என்று நம்பகமாகப் பிரிக்க முடியாது. இரண்டாவது விரல் வந்ததும் விசையைப் புறக்கணிப்பதே நல்லது.

9. கைக்கு ஒரு பதில் கொடுங்கள்

அழுத்தல் பதிவானது கைக்குத் தெரியாவிட்டால் மனிதர்கள் இன்னும் பலமாக அழுத்துவார்கள். ஒரு சிறிய நாணய வடிவ அதிர்வு மோட்டாரைத் தாங்குதட்டின் அடியில் ஒட்டி, 40 மில்லிசெகண்ட் ஓடவிடுங்கள்.

மோட்டாரை ஆர்டுயினோ முனையில் நேரே மாட்டாதீர்கள். முனைக்கு 20 மில்லிஆம்பியருக்குள்தான் உகந்தது, மோட்டார் அதைப்போல் சில மடங்கு கேட்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு. பிறகு, மோட்டார் ஓடும்போது தட்டே நடுங்குகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஓடும் நேரமும் அதன்பின் 30 மில்லிசெகண்டும் விசை எண்களைப் படிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வே அடுத்த அழுத்தலாகப் பதிவாகி மோட்டார் நிற்காமல் கத்தும்.

10. வேறொருவர் கையில் கொடுங்கள்

இதைக் கட்டியவருக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று விரலே கற்றுக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் சோதனை செல்லாது. வீட்டில் மூன்று பேரிடம், ஒன்றும் விளக்காமல் கொடுத்துப் பாருங்கள். என் அம்மா தொட்டபோது ஐந்தில் நான்கு தட்டல் அழுத்தலாகப் பதிவானது. எல்லையைத் தொடங்கும்போதே ஒவ்வொருவருக்கும் அளந்துகொள்ளும்படி மாற்றினேன்: "மெல்லத் தொடுங்கள்" மூன்று முறை, "அழுத்துங்கள்" மூன்று முறை, இரண்டுக்கும் நடுவே எல்லை.

அழுத்தினால் மட்டுமே கிடைக்கும் என்று எந்த வேலையையும் வைக்காதீர்கள். அங்கே அழுத்தலாம் என்று திரையில் எழுதியிருக்காது, யாரும் தேட மாட்டார்கள். ஆப்பிளே 2019இல் ஐஃபோன் 11 வரிசையில் விசை அளக்கும் அடுக்கை எடுத்துவிட்டு, நீண்ட நேரம் தொட்டுப் பிடிக்கும் முறைக்கு மாறியது.

11. கோளாறு வந்தால் பார்க்கும் வரிசை

எண் அசையவே இல்லை: கிளிஞ்சரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

எப்போதும் உச்சத்தில்: சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் உச்சம் என்றால் சென்சாருக்கு அடியில் துகள், அல்லது மடங்கிய வால்.

ஒரு மூலை தொட்டால் இன்னொன்று ஆடுகிறது: ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் படித்துப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோஓம். ஆரஞ்சுக்குப் பதில் மஞ்சள் என்றால் 100 கிலோஓமை எடுத்து மாட்டியிருக்கிறீர்கள். பெட்டியில் கலந்து கிடக்கும்போது நானும் மாட்டியிருக்கிறேன்.

விரலை எடுத்த பிறகும் எண் சில விநாடி இறங்காமல் நிற்கிறது: வாலின் காற்றுவழி அடைபட்டிருக்கும், அல்லது வெகுநேரம் கனமான எதையோ திரையில் வைத்திருந்திருப்பீர்கள். இரவு மேலே ஒரு புத்தகக் கட்டு இருந்தால் காலையில் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும், அரை மணி விட்டுவிடுங்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை: நிரலைத் திறக்காதீர்கள். முதலில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள்.